பெல்ட் நம்பரை ஊருக்கெல்லாம் சொன்னோம்: ஒரு கிரைண்டர் உதிரிபாக இணையதளத்துக்கு ஆள் வந்த விதம்

கோவை ஆவாரம்பாளையத்தில் என் சித்தப்பா வெட் கிரைண்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பெல்ட், புல்லி, பேரிங், கண்டன்சர், குழவி, மாவு வழிக்கும் தகடு, மூடி, அடியில் மாட்டும் ரப்பர் கால் வரை எல்லாம் கிடைக்கும். பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை. கல் கொத்துவதும் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் அங்கேதான். கடைக்கு ஓர் இணையதளமும் இருந்தது. பொருளின் படம், விலை, 'தொடர்புகொள்ளவும்' என்று ஒரு பொத்தான்; அவ்வளவுதான். எப்போதாவது ஓர் ஆர்டர் வரும். அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே கடைக்கு ஃபோன் செய்து பழகியவர்களிடமிருந்து.

அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தபோது கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு விளம்பர நிறுவனத்தின் விலைப்பட்டியல் கிடந்தது. மாதாமாதம் பணம் கட்டினால் நூற்றுக்கணக்கான இடங்களில் கடையின் இணைப்பைப் போட்டு, கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாக அதில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். கண்ட இடத்திலெல்லாம் ஆட்கள் இணைப்பைப் போட்டுத் தள்ளியதால் 2005-இலேயே கூகுள் 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் குறி உள்ள இணைப்பைப் பொதுவாகத் தரவரிசைக்கு ஓட்டாக எண்ண மாட்டார்கள். 2019-இல், பயனர்கள் எழுதும் இணைப்புக்கு 'யூ.ஜி.சி.' என்றும் காசு கொடுத்து வைக்கும் இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு' என்றும் தனித்தனிக் குறிகள் வந்தன. பலரும் கூடிப் பேசும் பெரிய தளங்கள் இப்படி ஏதாவது ஒரு குறியைத் தாமாகவே ஒட்டிவிடுகின்றன. இணைப்பைத் தெளித்துக் கூகுளை ஏமாற்ற முடியாது. மனிதர்கள் படித்து, நம்பி, தட்டி உள்ளே வந்தால்தான் உண்டு.

மனிதர்கள் கிரைண்டரைப் பற்றி எங்கே பேசுகிறார்கள் என்று தேடினேன். எதிர்பார்த்ததைவிட நிறைய இடங்கள் அகப்பட்டன. வெளிநாட்டுத் தமிழர்களின் ஃபேஸ்புக் குழுக்கள், சமையல் குழுக்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள், ரெட்டிட்டில் இந்தியச் சமையலுக்கும் வீட்டுச் சாமான் பழுதுபார்ப்புக்கும் உள்ள பகுதிகள், கேள்வி பதில் தளமான தமிழ்க் கோரா. ஆரம்பத்தில் எதிலும் ஒரு வரிகூட எழுதவில்லை. வாசித்துக் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கேட்டவர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அதே சொல்லில் எழுதியதுதான் பின்னால் பெரிதும் உதவியது. 'சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் பழுது' என்று யாரும் கேட்பதில்லை. 'உர்ர் என்கிறது, சுற்ற மாட்டேன் என்கிறது' என்றுதான் கேட்கிறார்கள். 'மாவு சூடாகிறது', 'கல்லில் மணல் மாதிரி வருகிறது', 'அடியில் கறுப்புத் தூள் கொட்டுகிறது', 'மாவு ஓரத்திலேயே நிற்கிறது, கல்லுக்குள் போவதில்லை'. கறுப்புத் தூள் என்றால் பெல்ட் தேய்கிறது. மாவு ஓரத்தில் நின்றால் வழிக்கும் தகடு வளைந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினால் காதால் கேட்ட மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். அவருக்கு நாற்பது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

அந்த நோட்டையும் எங்கள் தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நோட்டில் இருந்த ஒரு கேள்விக்குக்கூடத் தளத்தில் பதில் இல்லை. அப்படியே போய் எங்கேயாவது இணைப்பைப் போட்டிருந்தாலும் வருகிறவர் என்ன பார்த்திருப்பார்? ஒரு பெல்ட்டின் படம், கீழே விலை. அது தன் கிரைண்டருக்குச் சேருமா என்பது மட்டும் தெரியாது.

முதலில் நான் விரிவாகப் பதில் எழுதியது வட அமெரிக்காவில் இருக்கும் ஒருவரின் கேள்விக்கு. ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுபோயிருக்கிறார். அங்கே 120 வோல்ட் என்பதால் மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவிட்டார். கிரைண்டர் ஓடுகிறது, ஆனால் மாவு சூடாகிறது, கல் சத்தம் போடுகிறது, இட்லி சரியாக வருவதில்லை. கீழே வந்திருந்த பதில்கள் எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரைக் குறை சொன்னவை. சிலர் ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அதில் தப்பில்லை, ஆனால் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலையும்; அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 1800. மோட்டார் அதற்குச் சற்றுக் குறைவாக அதன் பின்னாலேயே ஓடும். ஆக டிரம் சுமார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. மாவு சூடாகாமல் என்ன செய்யும்?

இதற்குச் சித்தப்பா சொன்ன வழி எனக்கே புதிதாக இருந்தது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் புல்லியின் விட்டத்தை ஆறில் ஐந்தாகக் குறைத்தால் டிரம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். 24 மில்லிமீட்டர் புல்லி என்றால் 20 மில்லிமீட்டர். லேத்தில் கடைந்துகொள்ளலாம். புல்லி சிறிதாவதால் பெல்ட் ஆறு மில்லிமீட்டர் போலத் தளரும். மோட்டாரை இறுக்கும் போல்ட்டுகள் நீள்துளையில் இருக்கும் மாடலாக இருந்தால் மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினால் போதும். அவர் பேப்பரில் படம் வரைந்து தந்தார். அதை அப்படியே புகைப்படம் எடுத்துப் பதிலோடு சேர்த்தேன். பேனாவால் வரைந்த இரண்டு வட்டம், நடுவே பெல்ட், ஓரத்தில் அவர் கையெழுத்தில் '24-க்கு 20'. கணினியில் அழகாக வரைந்து போட்டிருந்தால் அத்தனை பேர் எடுத்துப் பகிர்ந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிலில் கடையின் இணைப்பைப் போடவில்லை. பதில் அங்கேயே முழுதாக முடிந்துவிட்டது; இணைப்புக்கு அங்கே வேலை இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும்: 'கோவையில் கிரைண்டர் உதிரிபாகக் கடை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான், இதைச் சொன்னவர் என் சித்தப்பா'. என் கணக்கின் அறிமுகத்தில் தளத்தின் முகவரி இருந்தது. வேண்டியவர்கள் பெயரைத் தட்டி, அங்கிருந்து தளத்துக்கு வந்தார்கள். கூடவே துணைக் கேள்விகளும் வந்தன. சவூதியில் இருக்கும் ஒருவர், அங்கே வோல்ட் பொருந்துகிறதே, அப்படியும் மாவு ஏன் சூடாகிறது என்று கேட்டார். அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக்கின் வடிவம்தான் மாறும்.

இந்தக் கேள்வி பதிலை ஒழுங்குபடுத்தித் தளத்தில் ஒரு பக்கமாகப் போட்டேன். நாடு, வோல்ட், ஹெர்ட்ஸ், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்ன அட்டவணை. கூடவே சித்தப்பாவின் அதே படம். அதற்குப் பிறகு வேறு இடத்தில் இதே கேள்வி வந்தால் நான்கு வரியில் பதில் சொல்லி, உங்கள் நாட்டுக்குரிய வரியை இந்த அட்டவணையில் பாருங்கள் என்று இணைப்பைத் தர முடிந்தது. அட்டவணையை ஃபேஸ்புக் பதிலில் கொட்ட முடியாது என்பதால் யாரும் அதை விளம்பரம் என்று முகம் சுளிக்கவில்லை. இணைப்பைப் போடலாமா வேண்டாமா என்பதற்கு இதையே அளவாக வைத்துக்கொண்டேன். பதிலில் அடங்காத ஒன்று, அதாவது அட்டவணையோ அளவுப்படமோ, தளத்தில் இருந்தால் மட்டும் இணைப்பு. இல்லாவிட்டால் பதிலோடு சரி.

அடுத்தது பெல்ட். சித்தப்பாவுக்கும் எனக்கும் உரசல் வந்தது இதில்தான்.

குழுக்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, இந்த மாடலுக்கு என்ன பெல்ட் என்பதுதான். கிரைண்டர் பழசாகியிருக்கும், தயாரித்தவர் அந்த மாடலை நிறுத்தியிருப்பார், பெல்ட்டின் மேல் அச்சடித்த எண் தேய்ந்திருக்கும். கடைகளில் 'அந்த மாடல் பெல்ட்' என்று மொத்தமாகச் சொல்லி விற்பார்களே தவிர எண்ணைச் சொல்ல மாட்டார்கள். எண் தெரிந்துவிட்டால் பேரிங் கடையிலோ ஆட்டோமொபைல் கடையிலோ எவரும் வாங்கிவிடலாம். உதாரணமாக, உள்பக்கம் நீளவாக்கில் வரிகள் ஓடும் பட்டையான பெல்ட்டில் '220 ஜே 6' என்று இருந்தால், நீளம் 22.0 அங்குலம், ஜே வகை, 6 வரி. அதையே மில்லிமீட்டரில் '6 பிஜே 559' என்றும் அச்சடிப்பார்கள். இரண்டும் ஒரே பெல்ட். இந்த ஒரு தகவல் தெரியாததால், கையில் பெல்ட்டை வைத்துக்கொண்டே அது கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் எல்லா மாடலுக்கும் எண்ணைத் தளத்தில் போடலாம் என்றேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்பரையே சொல்லிவிட்டால் அப்புறம் நம்மிடம் எதற்கு வருவார்கள், கண்ணு? இதைக் கண்டுபிடிக்க நான் எத்தனை பழைய மெஷினைப் பிரித்திருப்பேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் நோட்டைத் திறந்து, இந்தக் கேள்விக்கு வேறு இடங்களில் என்ன பதில் கிடைக்கிறது என்று படித்துக் காட்டினேன். பாதிப் பதில் தப்பு. 'நூலால் சுற்றி அளந்து வாங்குங்கள்' என்று ஒருவர் பொதுவாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வரி பெல்ட்டுக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் அதன் எண் ஏறக்குறைய வெளிச்சுற்று நீளம். பெரிய கிரைண்டர்களில் இருக்கும், குறுக்கே வெட்டினால் 'வி' வடிவம் தெரியும் வி-பெல்ட்டில் அப்படி இல்லை. 'ஏ 36' என்றால் 36 அங்குலம் என்பது உள்சுற்று. நூலை வெளியே சுற்றி அளந்தால் 38 வரும். 'ஏ 38' வாங்கி மாட்டுவார்கள். பெல்ட் தொளதொளவென்று நிற்கும். மாவு போட்டதும் வழுக்கும். மோட்டார் மட்டும் ஓடும். பிறகு கிரைண்டர் சரியில்லை என்று புது கிரைண்டர் வாங்கப் போய்விடுவார்கள். "அப்படிப் போனால் பெல்ட் வியாபாரமும் இல்லை, பேரிங் வியாபாரமும் இல்லை" என்று அவரே சொன்னார். அப்படியானால் போடுவோமா என்றேன். பதில் சொல்லாமல், நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

கடை சாத்திய பிறகு உட்கார்ந்து அளப்போம். மேலே பரணில் பழைய பெல்ட்டுகள் மூட்டை கட்டிக் கிடந்தன. வரி பெல்ட்டில் வரிக்கு வரி 2.34 மில்லிமீட்டர் இருந்தால் அது ஜே வகை. கார்களில் வரும் கே வகையில் 3.56. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தாலும் புல்லியின் பள்ளத்தில் உட்காராது. அகலத்தை அளந்து 2.34-ஆல் வகுத்தால் வரி எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம்: 6 வரி என்றால் 14 மில்லிமீட்டர். பல் பெல்ட்டில் ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடுவரைக்கும் உள்ள தூரமும் மொத்தப் பல் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். நீளத்தை அளக்கவே வேண்டாம். பழைய பெல்ட் ஓடி ஓடி நீண்டிருக்கும் என்பதால் அளந்த நீளத்துக்கு நேர் எண்ணை எடுக்காமல் அதற்குச் சற்றுக் கீழே உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். எண் தேய்ந்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் சில சமயம் தெரியும்.

ஒவ்வொரு பெல்ட்டையும் வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் எஃகு அளவுகோலும் ஓர் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துப் படம் எடுத்தேன். நாணயம் எதற்கு என்று சித்தப்பா கேட்டார். அளவுகோலில் உள்ள கோட்டைச் சின்னத் திரையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, நாணயத்தைப் பார்த்தால் பருமன் மனதில் பட்டுவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் பர்ஸின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று எப்படியோ இருக்கிறது.

பெல்ட் பக்கம் வெளிவந்த பிறகு நான் குழுக்களில் எழுதுவதைவிட மற்றவர்கள் எழுதுவது அதிகமாகிவிட்டது. யாராவது பெல்ட் கேட்டால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எங்கள் பக்கத்தின் இணைப்பைப் போட்டிருப்பார். நான் நாள் முழுக்கக் குழுக்களிலேயே கிடந்திருந்தாலும் இது நடந்திருக்காது. எண்ணைத் தெரிந்துகொண்டு பக்கத்துக் கடையில் வாங்கியவர்கள் நிறைய. அவர்களில் ஒரு பகுதியினர், பெல்ட் மாட்டும்போது பேரிங்கும் போயிருப்பதைக் கண்டு, அதை எங்களிடம் வாங்கினார்கள். இந்தக் கணக்கு சித்தப்பாவுக்கு இப்போதும் முழுத் திருப்தி இல்லை. பெல்ட்டையும் நம்மிடமே வாங்கியிருக்கலாம் என்பார்.

நடுவே நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேறு பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி 'நல்ல கிரைண்டர் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்' என்று கேட்பது, இன்னொரு கணக்கிலிருந்து எங்கள் கடையைச் சொல்வது. எல்லோரும் செய்கிறார்கள் என்றார். செய்கிறார்கள்தான். ஆனால் 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தன்னை வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு தன் பொருளைப் பற்றி மதிப்புரை எழுதக் கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 'ஐ.எஸ். 19000:2022' என்ற தரத்தையும் வெளியிட்டது. சட்டத்தை விடுங்கள், இந்தக் குழுக்களில் வருடக்கணக்காக இருக்கும் பெண்கள் ஒரு வரியைப் படித்தே இது கடைக்காரர் எழுத்து என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு குழுவில் ஒரு பாத்திர விற்பனையாளர் இப்படி மாட்டிக்கொண்டு, கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே நாளில் சேர்ந்த கணக்குகள் என்று ஒருவர் படம் எடுத்துப் போட, அன்று மாலைக்குள் இரண்டு கணக்கும் வெளியே. ரெட்டிட்டின் பழைய வழிகாட்டுதலில் இதற்கு ஒரு வரையறை உண்டு: இணையதளம் வைத்திருக்கும் உறுப்பினராக இருக்கலாம், உறுப்பினர் கணக்கு வைத்திருக்கும் இணையதளமாக இருக்கக் கூடாது. பத்துப் பங்கில் ஒரு பங்குக்கு மேல் தன் சரக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். பகுதிக்குப் பகுதி விதி மாறும். சில குழுக்களில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விற்பனைப் பதிவுக்கு இடம் தருவார்கள். அந்த நாளில் நாங்களும் போடுவோம். அதிலிருந்து உருப்படியாக எதுவும் வந்ததாக நினைவில்லை. எல்லோரும் விற்க வரும் நாளில் வாங்குகிறவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை போலிருக்கிறது.

தளத்தின் பக்கம் செய்த சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். பக்கங்களின் முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைக்க ஆசைப்பட்டேன். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரிந்துவிடுகிறது. 'பெல்ட்' என்ற ஒரு சொல்லே யூனிகோடில் ஆறு குறிகள். முகவரியில் 54 எழுத்தாக நீண்டு, மோசடி இணைப்பு மாதிரி இருக்கும். யார் தட்டுவார்கள்? முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்து, பக்கத்தின் தலைப்பைத் தமிழில் வைத்தேன். வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டியதும் சின்னப் படமும் தலைப்பும் வர வேண்டும். அதற்கு 'ஓப்பன் கிராஃப்' எனப்படும் குறிகளைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்க்க வேண்டும். படம் கனமாக இருந்தால் அது வராமல் போவதும் உண்டு. கடைப் பெயர்ப்பலகைக்குப் பதிலாக அளவுகோல் வைத்த பெல்ட் படத்தையே அங்கே வைத்தேன். குழுவில் உருட்டிக்கொண்டு போகிறவருக்கு இது அளவு பற்றிய பக்கம் என்பது தட்டாமலே தெரியும்.

யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுப்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தட்டி வருகிறவர்களை, வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பெரும்பாலும் 'நேரடி' வருகை என்றே காட்டும், முகவரியைக் கையால் தட்டி வந்தவர்களைப் போல. இணைப்பின் பின்னால், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூ.டி.எம். குறிகளை ஒட்டினால் பிரித்துப் பார்க்கலாம்தான். ஆனால் கேள்விக்குறி போட்டு நீளும் அந்த வாலைப் பார்த்ததும் 'இது விளம்பரம்' என்று நிர்வாகிகள் சந்தேகப்படுகிறார்கள். ஆர்டர் படிவத்தில் 'எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்று ஒரு வெற்றுக் கட்டம் வைத்தேன். கட்டாயம் இல்லை. அதில் விழும் பதில்கள் அனலிட்டிக்ஸைவிட உபயோகமாக இருக்கின்றன: 'நியூஜெர்சியில் இருக்கும் மருமகள் அனுப்பினாள்', 'எங்கள் பிளாக் வாட்ஸ்அப்', 'கிரைண்டர் உர்ர் என்று கூகுளில் போட்டேன்'. கடைசியில் சொன்னவர் வந்ததற்கு நோட்டுக்குத்தான் நன்றி. அவர்கள் சொல்லும் சொல்லையே தலைப்பாக வைத்ததால் கூகுள் அவர்களை அந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பார்த்தால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் கணிசமாக இருக்கிறார்கள்.

அந்த 'உர்ர்' பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. சத்தம் வந்து சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லை எடுத்துவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இறுக்கமாக இருந்தால் பேரிங், லேசாகச் சுற்றினால் கண்டன்சர் மேல் சந்தேகம். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோ ஃபாரட் எண் மாறக் கூடாது, வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். மாற்றும் முறையை மட்டும் படிப்படியாகப் போடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினோம். முழுச் செய்முறையும் வேண்டும் என்று குழுவில் வற்புறுத்தியவர்களுக்கும் அதே பதில்தான்.

எதிர்பாராத திசையிலிருந்து வந்தவர்கள் சாக்லேட்காரர்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வீட்டுச் சாக்லேட் செய்பவர்களுக்காக 'சாக்லேட் ஆல்கெமி' நடத்தும் ஜான் நான்சி, 2000-களில் இந்திய டேபிள் டாப் கிரைண்டரைக் கோகோ அரைக்கப் பயன்படுத்திக் காட்டினார். அதற்குப் பிறகு சிறு அளவில் சாக்லேட் செய்பவர்கள் உலகெங்கும் நம் ஊர் கிரைண்டரையோ அதைச் சற்று மாற்றிய வடிவத்தையோ வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது தெரியாது. பெல்ட் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் எழுதிக் கேட்டார்: தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டினால் எந்த பெல்ட் தாங்கும்? சித்தப்பா படித்துவிட்டு, இரண்டு நாள் என்ன மாவு ஆட்டுகிறார்கள் என்று திகைத்தார். சாக்லேட்டில் சர்க்கரையும் கோகோவும் நாக்குக்குத் துகள் தெரியாத அளவுக்கு, சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) வரை, நைய வேண்டும். அதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஓட்டுவார்கள். மாவு அரைக்கும்போது தண்ணீர் சூட்டைத் தணிக்கும். சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கலவை இறுகிவிடும் என்பதால் அந்த வசதியும் இல்லை.

அவர்கள் கூடிப் பேசும் இடத்தில் இரண்டு விஷயத்தில் எங்களால் உதவ முடிந்தது. நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் கிரைண்டர் கிளம்பாமல் உர்ரென்கிறது என்பார்கள். அது கண்டன்சர் இல்லை. கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரியில்தான் உருகும்; இரவுக் குளிரில் கல்லோடு சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. தலைமுடி உலர்த்தும் கருவியால் டிரம்மையும் கல்லையும் சூடாக்கிவிட்டு ஓட்ட வேண்டும் என்பது அவர்களில் அனுபவசாலிகளுக்கே தெரியும். புதியவர்கள் சூடாக்காமல் மறுபடி மறுபடி போட்டு மோட்டாரைக் கருக்கிவிடுகிறார்கள், பிறகு காயில் கட்ட வேண்டும். இன்னொன்று, தொடர்ந்து ஓடும்போது அடிப்பாகத்தின் காற்றோட்டம். கீழே ரப்பர் கால் தேய்ந்து கிரைண்டர் தாழ்ந்துவிட்டால் மோட்டாருக்குக் காற்றுப் போகாது. எங்கள் கடையிலேயே மிக மலிவான சாமான் அந்த ரப்பர் கால். அதைப் பற்றி எழுதிய பதில்தான் அந்த இடத்தில் அதிகம் படிக்கப்பட்டது. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள், அங்கிருந்து சாக்லேட் செய்யும் சிலரும் இப்போது கடைக்கு நேரிலேயே வருகிறார்கள்.

அமெரிக்கா 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கான சுங்க விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அங்கு பார்சல் அனுப்புவதை நிறுத்தி, அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் அமெரிக்காவிலிருந்து ஆர்டர் எடுக்கவில்லை. தளத்தின் மேலே ஒரு பட்டையில் நிலவரத்தை எழுதி, பெல்ட்டை உங்கள் ஊரில் எந்தப் பெயரில் கேட்டு வாங்கலாம் என்று எண்களோடு போட்டோம். குழுக்களிலும் அதையே சொன்னோம். எண்ணை மறைத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லிக் காட்டினேன். "சரி, சரி" என்றார்.

எடுபடாதவையும் உண்டு. தமிழ்க் கோராவில் நீளமாக எழுதியவை வாசிக்கப்பட்டன, ஆனால் அங்கே படிப்பவர்கள் கிரைண்டர் பழுதாகி நிற்பவர்கள் அல்லர், பொழுதுபோக்காகப் படிப்பவர்கள். அதை நிறுத்திவிட்டேன். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் எங்களை யாராவது சேர்த்துவிட்டால் நாங்களே வெளியே வந்துவிடுகிறோம். அது அவர்கள் வீட்டுக்கூடம், கடைக்காரருக்கு அங்கே வேலை இல்லை. இணைப்பு உள்ளே போனால் போதும்.

இப்போது தினமும் கடை திறந்ததும் பத்து இருபது நிமிடம் குழுக்களைப் பார்ப்பது பட்டறையில் வேலை கற்கும் பையனின் பொறுப்பு. கேள்வியை நோட்டில் எழுதுவான், சித்தப்பா சொல்வதைக் கேட்டு அவன் பெயரிலேயே, கடையில் வேலை செய்பவன் என்று சொல்லிக்கொண்டே, பதில் போடுவான். தெரியாத மாடல் என்றால் 'பெல்ட்டை ஓர் அளவுகோலோடு படம் எடுத்து அனுப்புங்கள்' என்று கேட்பான். அப்படி வந்த படங்களிலிருந்தே பெல்ட் அட்டவணையில் புதிய வரிகள் சேர்கின்றன. அடுத்ததாக மாவு வழிக்கும் தகடுகளை அளக்கத் தொடங்கியிருக்கிறோம். அதற்கு எந்தத் தரமும் எண்ணும் கிடையாது. மாடலுக்கு மாடல் வளைவு வேறு, துளைகளின் இடைவெளி வேறு. ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து, உண்மை அளவில் அச்செடுக்கும் கோப்பாகத் தளத்தில் போடப்போகிறோம். வீட்டில் அச்செடுத்து உடைந்த தகட்டை அதன் மேல் வைத்தால் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். அச்செடுக்கும்போது அளவு சுருங்கிவிடாமல் இருக்கிறதா என்று பார்க்க, தாளின் மூலையில் சரியாக 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு.